டிராக் பந்தயத்தில் நிகழ்படமும் தரவுப் பதிவும்

டிராக் பந்தயத்தில் நிகழ்பட, தரவு இணைப்பு என்பது பந்தய வண்டியில் பொருத்தப்பட்ட கேமரா எடுக்கும் நிகழ்படத்தையும், அதே ஓட்டத்தின்போது வண்டியின் உணரிகள் பதிவு செய்யும் அளவீடுகளையும் ஒரே கால அச்சில் பொருத்தி ஆராயும் முறை ஆகும். வீடியோ என்று பரவலாக வழங்கும் நிகழ்படம், ஓட்டத்தில் என்ன நடந்தது என்பதைக் காட்டுகின்றது. எஞ்சின் வேகம், சக்கர வேகம், முடுக்கம் முதலிய தரவுகள் அது எவ்வளவு, எப்போது என்பதைக் காட்டுகின்றன. இவ்விரண்டும் தனித்தனியே பயனுடையவை. ஆயினும் ஓட்டம் ஏன் அவ்வாறு அமைந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தே விடை காண முடிகின்றது. டிராக் பந்தய ஓட்டம் சில வினாடிகளில் முடிந்துவிடுவதால், இரு பதிவுகளின் கடிகாரங்களையும் சரியாகப் பொருத்துவதே இம்முறையின் மையச் சிக்கலாகும்.

டிராக் பந்தயம்

டிராக் பந்தயம் என்பது நின்ற நிலையிலிருந்து புறப்படும் இரண்டு வண்டிகள், நேரான தடத்தில் குறிப்பிட்ட தொலைவை முதலில் கடக்கப் போட்டியிடும் விளையாட்டாகும். இது ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த விளையாட்டு. அங்கு இதனை நெறிப்படுத்தும் முதன்மை அமைப்பான தேசிய ஹாட் ராட் சங்கத்தை 1951ஆம் ஆண்டில் வாலி பார்க்ஸ் நிறுவினார். மரபான பந்தயத் தொலைவு கால் மைல், அதாவது 1320 அடி அல்லது ஏறத்தாழ 402 மீட்டர் ஆகும். அரை பங்கான 660 அடித் தொலைவிலும் பல பந்தயங்கள் நடைபெறுகின்றன.

புறப்பாட்டுச் சைகையைத் தரும் விளக்குத் தூண் கிறிஸ்துமஸ் மரம் எனப்படுகின்றது. இது 1963ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னர் கொடியசைத்துப் பந்தயத்தைத் தொடங்கி வைத்தனர். தொடக்கக் கோட்டில் குறுக்கே செல்லும் ஒளிக்கற்றைகளை வண்டியின் முன்சக்கரம் மறைக்கும்போது வண்டி நிலையில் நிற்பதாகக் கொள்ளப்படும். சக்கரம் நகர்ந்து ஒளிக்கற்றை மீண்டும் திறக்கும் கணத்தில் ஓட்டக் கடிகாரம் தொடங்கும். பச்சை விளக்கு எரிவதற்கு முன்னரே புறப்பட்டால் சிவப்பு விளக்கு எரியும். கால் மைல் தடத்தில் 60, 330, 660, 1000, 1320 அடிகளில் நேரம் அளக்கப்படுகின்றது. முடிவுக் கோட்டுக்கு முந்தைய 66 அடித் தொலைவில் இறுதி வேகம் கணிக்கப்படுகின்றது. இவ்வெண்கள் அச்சிடப்பட்ட நேரச் சீட்டை ஓட்டுநர் ஓட்டம் முடிந்ததும் பெற்றுக்கொள்கிறார்.

நேரச் சீட்டு ஓட்டத்தின் விளைவை மட்டும் கூறும். 60 அடி நேரம் வழக்கத்தை விடப் பத்தில் ஒரு வினாடி கூடியிருந்தால், அதற்குக் காரணம் டயர் வழுக்கியதா, கிளட்ச் நழுவியதா, ஓட்டுநர் மிதியைத் தளர்த்தினாரா என்பதை அது கூறாது. ஓட்டங்களுக்கு இடையில் கிடைக்கும் குறுகிய நேரத்திற்குள் பந்தயக் குழு இக்கேள்விக்கு விடை கண்டு வண்டியைத் திருத்தியாக வேண்டும். வெளியேற்று முறையில் நடக்கும் போட்டிகளில் ஒரு தவறான திருத்தம் அன்றைய போட்டியையே முடித்துவிடும்.

வரலாறு

1980களில் டிராக் பந்தய வண்டிகளில் மின்னணுத் தரவுப் பதிவிகள் இடம்பெறத் தொடங்கின. ஓட்டுநர் கென்னி பெர்ன்ஸ்டைனின் குழுவில் தலைமைத் தொழில்நுட்பராக இருந்த டேல் ஆம்ஸ்ட்ராங் இவற்றைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். அதுவரை ஓட்டுநரின் நினைவு, தீப்பொறிச் செருகிகளின் நிறம், தடத்தில் படிந்த டயர்க் கறை ஆகியவையே வண்டியைச் சீரமைப்பதற்கான முக்கியச் சான்றுகளாக இருந்தன. பெர்ன்ஸ்டைன் 1992ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று புளோரிடாவின் கெயின்ஸ்வில் நகரில் மணிக்கு 301.70 மைல் வேகத்தை எட்டி, டிராக் பந்தயத்தில் 300 மைலைக் கடந்த முதல் ஓட்டுநர் ஆனார்.

வண்டிக்குள்ளிருந்து படம் எடுக்கும் முறை வேறொரு வழியில் வளர்ந்தது. 1979ஆம் ஆண்டில் ஆசுத்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தில், பீட்டர் வில்லியம்சன் ஓட்டிய காரிலிருந்து தொலைக்காட்சிக்கு நேரடிப் படம் அனுப்பப்பட்டது. அக்காலக் கருவிகள் பெரியவை, விலை மிகுந்தவை. எனவே அவை பார்வையாளர்களுக்கான காட்சியாகவே பெரிதும் பயன்பட்டன.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சைகையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை ஐக்கிய அமெரிக்க அரசு நீக்கியது. இதனால் குறைந்த விலைக் கருவிகளாலும் வண்டியின் இடத்தையும் வேகத்தையும் நல்ல துல்லியத்துடன் அளக்க முடிந்தது. அதே பத்தாண்டில் நினைவக அட்டைகளின் கொள்ளளவு பெருகியது, கேமராக்கள் சிறுத்தன. நிகழ்படத்தையும் தரவையும் ஒரே பெட்டியில் பதிவு செய்யும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. 2002இல் தொடங்கப்பட்ட கோபுரோ நிறுவனம் 2009இல் உயர்தெளிவு நிகழ்படக் கருவியை வெளியிட்ட பின்னர், வார இறுதிகளில் மட்டும் ஓட்டும் பொழுதுபோக்குப் பந்தயக்காரர்களும் ஒவ்வோர் ஓட்டத்தையும் படமெடுப்பது எளிதாயிற்று. 2016இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் ஐந்தாம் தலைமுறைக் கருவி, ஜிபிஎஸ் தரவையும் நிகழ்படக் கோப்புக்குள்ளேயே பதிவு செய்தது.

தரவுப் பதிவி

தரவுப் பதிவி என்பது பல உணரிகளின் சைகைகளைக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் அளந்து, ஒவ்வொன்றையும் நேரக் குறியுடன் நினைவகத்தில் சேமிக்கும் கருவியாகும். டிராக் பந்தய வண்டிகளில் பொதுவாகப் பதிவாகும் அளவுகள் பின்வருமாறு:

- எஞ்சினின் சுழற்சி வேகம்
- எஞ்சினின் சுழற்சியைப் பின்அச்சுக்குக் கொண்டு செல்லும் செலுத்துதண்டின் வேகம்
- முன்னோக்கிய முடுக்கம், பக்கவாட்டு முடுக்கம்
- ஆக்சிலரேட்டர் மிதியின் நிலை, பிரேக் அழுத்தம்
- எரிபொருள் அழுத்தம், எண்ணெய் அழுத்தம்
- ஒவ்வோர் உருளையிலிருந்தும் வெளிவரும் புகையின் வெப்பநிலை
- அதிர்வுதாங்கிகளின் நகர்வு அல்லது தரையிலிருந்து வண்டியின் உயரம்
- ஜிபிஎஸ் மூலம் பெறப்படும் வேகமும் இடமும்

இவற்றுள் எஞ்சின் வேகத்தையும் செலுத்துதண்டு வேகத்தையும் ஒப்பிட்டால் கிளட்ச் எவ்வளவு நழுவுகின்றது என்று அறியலாம். செலுத்துதண்டு வேகத்திலிருந்து கணக்கிட்ட சக்கர வேகத்தை வண்டியின் உண்மை வேகத்துடன் ஒப்பிட்டால் டயர் எவ்வளவு வழுக்குகின்றது என்று மதிப்பிடலாம்.

ஓர் அளவை வினாடிக்கு எத்தனை முறை எடுக்க வேண்டும் என்பது அந்த அளவு எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதைப் பொறுத்தது. ஓர் அதிர்வைச் சரியாகப் பதிவு செய்ய அதன் அதிர்வெண்ணின் இரு மடங்குக்கும் கூடுதலான வீதத்தில் அளவெடுக்க வேண்டும். வினாடிக்கு 30 முறை நிகழும் அதிர்வை வினாடிக்கு 20 முறை அளந்தால், உண்மையில் இல்லாத ஒரு மெதுவான அலை வரைபடத்தில் தோன்றும். எண்ணெய் வெப்பநிலைக்கு வினாடிக்கு ஓர் அளவு போதும். செலுத்துதண்டு வேகத்துக்கும் முடுக்கத்துக்கும் நூறு அல்லது அதற்கும் மேற்பட்ட அளவுகள் தேவைப்படுகின்றன.

கேமரா

கேமராவை எங்கே பொருத்துவது என்பது எந்தக் கேள்விக்கு விடை தேடப்படுகின்றது என்பதைப் பொறுத்தது. ஓட்டுநருக்குப் பின்னால் முன்னோக்கிப் பொருத்திய கேமரா திசைமாற்றியையும் ஓட்டுநரின் கைகளையும் தடத்தையும் காட்டும். காலடியை நோக்கிய கேமரா மிதிகளைக் காட்டும். பின்சக்கரத்தை நோக்கிய கேமரா, டயரின் பக்கச்சுவர் மடிவதையும் விரிவதையும் காட்டும். முன்சக்கரத்தை நோக்கியது, புறப்பாட்டில் அச்சக்கரம் எவ்வளவு உயர எழுகின்றது என்பதைக் காட்டும்.

பொதுவான கேமராக்கள் வினாடிக்கு 30 அல்லது 60 படச்சட்டங்களை எடுக்கின்றன. கியர் மாற்றம் ஒன்று பத்தில் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடக்கூடும். அதனை 30 சட்டக் கேமரா மூன்று படங்களில் மட்டுமே பிடிக்கும். மணிக்கு 330 மைல் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 147 மீட்டர் கடக்கின்றது. அதாவது 30 சட்டக் கேமராவின் அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையே வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் நகர்ந்துவிடும்.

மேலும், பெரும்பாலான சிறு கேமராக்கள் ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. படத்தின் வரிகளை மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கின்றன. கேமரா அதிர்ந்தால், படம் கூழ்போல் நெளிந்து காணப்படும். இந்நெளிவைக் கண்டு வண்டியின் சட்டம் வளைந்ததாக முடிவு செய்வது தவறாகும். சுழலும் சக்கரம் நிகழ்படத்தில் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதும், முன்பு கூறப்பட்ட குறைந்த அளவெடுப்பு வீதத்தின் விளைவே ஆகும்.

இணைப்பின் தேவை

தரவும் நிகழ்படமும் ஒன்றையொன்று நிறைவு செய்வதை டயரின் நடத்தை கொண்டு விளக்கலாம். டிராக் பந்தயத்தின் பின்சக்கர டயர்கள் வரிப்பள்ளங்கள் அற்றவை, மென்மையான பக்கச்சுவர் கொண்டவை, குறைந்த காற்றழுத்தத்தில் இயங்குபவை. புறப்பாட்டின்போது சக்கரவட்டு டயருக்குள் முறுக்கித் திரும்ப, பக்கச்சுவர் சுருக்கங்களாக மடியும். வேகம் கூடியதும் மையவிலக்கு விளைவால் டயர் விரிந்து அதன் விட்டம் பெருகும்.

செலுத்துதண்டு வேகத்திலிருந்து கணக்கிட்ட சக்கர வேகம் வினாடிக்கு 60 மீட்டராகவும், ஜிபிஎஸ் காட்டும் வேகம் 54 மீட்டராகவும் இருக்கிறது எனக் கொள்வோம். டயர் 10 விழுக்காடு வழுக்குகின்றது என்று வரைபடம் கூறும். ஆனால் அக்கணக்கில் நின்ற நிலையில் அளந்த டயரின் சுற்றளவே பயன்பட்டிருக்கும். டயர் விரிந்திருந்தால் உண்மையான வழுக்கல் இன்னும் கூடுதலாகும். டயர் எவ்வளவு விரிந்தது என்பதை அதனை நோக்கிய கேமரா காட்டுகின்றது. அதன் துணையுடன் கணக்கைத் திருத்தலாம்.

இதைவிட முக்கியமானது, வழுக்கலையும் டயர் அதிர்வையும் வேறுபடுத்துவதாகும். வழுக்கலில் டயர் தடத்தின் பிடியை இழந்து வேகமாகச் சுழல்கின்றது. டயர் அதிர்வில் டயர் பிடித்தும் விடுத்தும் தன்மேலேயே மடிந்து வட்ட வடிவத்தை இழக்க, வண்டி முழுவதும் கடுமையாகக் குலுங்குகின்றது. இரண்டிலும் ஓட்டுநர் மிதியைத் தளர்த்துகிறார், நேரச் சீட்டில் ஒரே வகையான இழப்புப் பதிவாகின்றது. ஆனால் மருந்து வேறு. வழுக்கினால் சக்கரத்துக்குச் செல்லும் சக்தியைக் குறைக்க வேண்டும். டயர் அதிர்வோ சில வேளைகளில் சக்தியைக் கூட்டி டயரை விரைவாகச் சுழலவிடுவதால் நீங்குகின்றது. ஒன்றை மற்றொன்றாக எண்ணித் திருத்தினால் அடுத்த ஓட்டம் மேலும் கெடும்.

வழுக்கலின்போது செலுத்துதண்டு வேகக் கோடு திடீரென மேலெழுகின்றது. டயர் அதிர்வின்போது அதே கோடு பற்கள்போல் ஏறி இறங்குகின்றது, முடுக்கக் கோடும் அவ்வாறே துடிக்கின்றது. இரண்டும் கலந்து வரும் ஓட்டங்களில் எது முதலில் வந்தது என்பதைக் கோடுகளிலிருந்து மட்டும் கூறுவது கடினம். டயரின் படமும் ஓட்டுநரின் தலை அசைவும் அதே கணத்தில் கிடைத்தால் ஐயம் பெரிதும் குறைகின்றது.

நேர ஒத்திசைவு

மேற்கூறியவை அனைத்தும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. நிகழ்படத்தில் காணும் கணமும் தரவில் காணும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் 0.2 வினாடி விலகியிருந்தால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடலாம். உண்மையில் டயர் வழுக்கியதும், அதற்கு 0.15 வினாடிக்குப் பின் ஓட்டுநர் மிதியைத் தளர்த்தினார் எனக் கொள்வோம். நிகழ்படம் 0.2 வினாடி முந்தியதாகப் பொருத்தப்பட்டால், ஓட்டுநர் மிதியைத் தளர்த்திய பின்னரே டயர் வழுக்கியதாகத் தோன்றும். வண்டியின் குறை ஓட்டுநரின் குறையாகிவிடும். பிழையாகப் பொருத்திய நிகழ்படம், நிகழ்படமே இல்லாததைவிடத் தீங்கானது. கண்ணால் கண்டது என்பதால் அதனை எவரும் ஐயுறுவதில்லை.

ஒத்திசைவுக்குப் பல வழிகள் பயன்படுகின்றன.

ஒரே கருவி: கேமராவும் உணரிகளும் ஒரே பெட்டியில் இணைக்கப்பட்டு ஒரே கடிகாரத்தால் குறிக்கப்படுகின்றன. இது எளிய வழி. எனினும் படம் செயலாக்கப்படுவதால் ஏற்படும் தாமதத்தைக் கருவி ஈடுசெய்கின்றதா என்பதைச் சோதித்து அறிய வேண்டும்.

ஜிபிஎஸ் நேரம்: கேமரா, தரவுப் பதிவி ஆகிய இரண்டும் செயற்கைக்கோள்களிடமிருந்து பெறும் பொது நேரத்தைத் தத்தம் பதிவுகளில் குறித்துக்கொள்கின்றன.

விளக்குக் குறி: கேமராவின் பார்வைக்குள் ஒரு சிறு விளக்கு பொருத்தப்படுகின்றது. அவ்விளக்கை ஏற்றும் மின்சைகை தரவுப் பதிவியிலும் ஓர் அளவாகப் பதிவாகின்றது. விளக்கு எரியும் முதல் படச்சட்டமும் தரவில் சைகை எழும் புள்ளியும் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. இம்முறையின் பிழை ஏறத்தாழ ஒரு படச்சட்டம் ஆகும். அதாவது 30 சட்டக் கேமராவில் 33 மில்லிவினாடி, 60 சட்டக் கேமராவில் 17 மில்லிவினாடி.

ஒலி: கேமராவின் ஒலிவாங்கி எஞ்சினின் ஒலியையும் பதிவு செய்கின்றது. நான்கடிச் சுழற்சியில் இயங்கும் எட்டு உருளை எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு எரிதல்கள் நிகழ்கின்றன. எனவே நிமிடத்துக்கு 7000 சுற்று வேகத்தில் எரிதல் ஒலியின் அதிர்வெண் 467 ஹெர்ட்ஸ் ஆகும். கியர் மாறி 5500 சுற்றாகக் குறையும்போது அது 367 ஹெர்ட்சாக வீழ்கின்றது. ஒலியின் இவ்வீழ்ச்சியைத் தரவிலுள்ள எஞ்சின் வேகக் கோட்டின் வீழ்ச்சியுடன் பொருத்தலாம். ஒலி வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளவெடுக்கப்படுவதால் இம்முறை படச்சட்டத்தைவிட நுண்ணியதாக அமையும். எஞ்சினிலிருந்து கேமரா வரை ஒலி செல்லும் நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். இது மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகும். இதற்கெனத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை என்பதால், குறைந்த செலவில் ஈடுபடும் பந்தயக்காரர்களுக்கு இது ஏற்ற வழியாகும்.

கடிகாரங்களின் வேகம் சிறிது வேறுபடுவது டிராக் பந்தயத்தில் பெரும் சிக்கல் அன்று. இரு கடிகாரங்கள் பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபட்டால், ஒரு மணிநேரச் சுற்றுப் பந்தயத்தில் 180 மில்லிவினாடி விலகல் ஏற்படும். 10 வினாடி ஓட்டத்திலோ அரை மில்லிவினாடி மட்டுமே விலகும். ஆகவே ஓர் ஓட்டத்துக்கு ஒரு புள்ளியில் பொருத்தினாலே போதுமானது. ஆனால் கைப்பேசிகள் சில வேளைகளில் படச்சட்ட வீதத்தை ஓட்டத்தின் நடுவில் மாற்றிக்கொள்கின்றன. அவ்வாறான நிகழ்படங்களை ஓட்டத்தின் தொடக்கம், முடிவு ஆகிய இரு புள்ளிகளிலும் சரிபார்க்க வேண்டும்.

தரவின் உள்ளேயும் தாமதங்கள் உண்டு. ஜிபிஎஸ் வேகம் கணிக்கப்பட்டு வெளிவருவதற்குச் சிறிது நேரம் எடுக்கின்றது. புகை வெப்பநிலை உணரி தானே சூடேற வேண்டியிருப்பதால் மாற்றத்தைக் காலந்தாழ்த்தியே காட்டும். எனவே ஒரே வரைபடத்தில் ஒரே செங்குத்துக் கோட்டில் காணும் இரு மாற்றங்கள் ஒரே கணத்தில் நிகழ்ந்தவை என்று கொள்ள இயலாது. கேமராவைப் பொருத்துவதற்கு விரைந்து துலங்கும் அளவுகளையே, அதாவது எஞ்சின் வேகம், முடுக்கம், மின்விசைச் சைகை ஆகியவற்றையே பயன்படுத்துதல் வேண்டும்.

புறப்பாட்டைப் பகுத்தல்

நேரச் சீட்டிலுள்ள எதிர்வினை நேரம், ஓட்டுநரின் எதிர்வினையும் வண்டியின் எதிர்வினையும் சேர்ந்த ஒன்றாகும். கண் விளக்கைக் கண்டு கை பொத்தானை விடுவதற்கு ஒரு நேரம் ஆகின்றது. அதன் பின்னர் வண்டி அசைந்து முன்சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு விலகுவதற்கு மற்றொரு நேரம் ஆகின்றது. இவ்விரண்டில் எது கூடியது என்பதைச் சீட்டு பிரித்துக் கூறாது.

கிறிஸ்துமஸ் மரம் கேமராவின் பார்வைக்குள் இருந்தால் இதனைப் பிரிக்கலாம். மஞ்சள் விளக்கு எரிந்த கணம் நிகழ்படத்திலிருந்தும், பொத்தான் விடுபட்ட கணமும் வண்டி அசைந்த கணமும் தரவிலிருந்தும் கிடைக்கின்றன. ஓட்டுநர் சீராகவும் வண்டி சீரற்றும் இருப்பின் டயர் அழுத்தம், எஞ்சினின் புறப்பாட்டு வேகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வண்டி சீராக இருப்பின் பயிற்சி தேவைப்படுவது ஓட்டுநருக்கு. ஓட்டத்துக்கு முன்னரே தன் நேரத்தை அறிவித்து, அதற்கு மிக அருகில் ஓட முயலும் பந்தய வகைகளில் வெற்றி நூற்றில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவான வேறுபாட்டால் அமைவதால், இப்பகுப்பு அங்குப் பெரும் பயன் தருகின்றது.

இங்கு ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். தடத்தின் கடிகாரம், சக்கரம் ஒளிக்கற்றையை விட்ட பின்னரே தொடங்குகின்றது. தரவுப் பதிவியோ வண்டி அசைந்த கணத்திலிருந்து கணக்கிடுகின்றது. ஒளிக்கற்றை திறப்பதற்குள் வண்டி ஓர் அடி நகர்வதாகவும், அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம் எனவும் கொண்டால், அந்த ஓர் அடிக்கு 0.25 வினாடி ஆகும். எனவே பதிவி காட்டும் நேரம் சீட்டின் நேரத்தைவிடக் கூடுதலாக இருப்பது கருவியின் பழுது அன்று. தொடக்கப் புள்ளி வேறுபடுவதே காரணம்.

பாதுகாப்பு

பதிவுகளின் பயன் நேரத்தைக் குறைப்பதோடு முடிவதில்லை. 2007ஆம் ஆண்டு மார்ச் 19 அன்று ஓட்டுநர் எரிக் மெட்லன், கெயின்ஸ்வில்லில் சோதனை ஓட்டத்தின்போது விபத்துக்குள்ளாகி, நான்கு நாட்களுக்குப் பின் உயிரிழந்தார். பழுதான டயரிலிருந்து எழுந்த மிகக் கடுமையான அதிர்வால் அவரது தலை பக்கவாட்டில் பலமுறை மோதுண்டது. அதுவரை டயர் அதிர்வு வண்டிக்கும் நேரத்துக்கும் கேடு என்றே பெரிதும் எண்ணப்பட்டது. அது ஓட்டுநரின் உயிருக்கே கேடாகலாம் என்பது இந்நிகழ்வால் தெளிவாயிற்று. அவ்வகை வண்டிகளின் சட்ட அமைப்பும், ஓட்டுநரின் தலையைச் சூழ்ந்த பாதுகாப்புக் கூண்டும், அதன் மெத்தைகளும் இதன் பின்னர் மாற்றியமைக்கப்பட்டன.

2008ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் நடந்த தகுதிச் சுற்றில் ஸ்காட் கலிட்டா உயிரிழந்தார். அவரது வண்டியின் எஞ்சின் முடிவுக் கோட்டுக்கு அருகே வெடித்துத் தீப்பற்றியது. பாராசூட்டுகள் பயன்படாமல் போகவே, வண்டி தடத்தின் எல்லையைத் தாண்டிச் சென்று மோதியது. அடுத்த மாதத்திலிருந்து தேசிய ஹாட் ராட் சங்கம் நைட்ரோமீத்தேன் எரிபொருளில் இயங்கும் இரு முதன்மை வகைகளுக்கும் பந்தயத் தொலைவை 1000 அடியாக, அதாவது ஏறத்தாழ 305 மீட்டராகக் குறைத்தது. எஞ்சின் வெடித்தால் எரிபொருளைத் தானே நிறுத்திப் பாராசூட்டை விரிக்கும் கருவிகளும் பின்னர் நடைமுறைக்கு வந்தன.

இவ்வகை நிகழ்வுகளை ஆராய்வதில் தரவும் நிகழ்படமும் சான்றுகளாகின்றன. ஓட்டுநர் எந்தக் கணத்தில் பிரேக்கை அழுத்தினார், பாராசூட் நெம்புகோலை இழுத்தாரா, தலையில் எவ்வளவு முடுக்கம் ஏற்பட்டது ஆகிய கேள்விகளுக்கு நினைவைக் கொண்டு விடை கூறுவது இயலாது. விபத்துக்குள்ளானவர் அதனைக் கூற உயிருடன் இல்லாமலும் போகலாம்.

கேமராவே ஆபத்தாகாமல் பார்த்துக்கொள்வதும் தேவை. 150 கிராம் எடையுள்ள கேமரா, புவியீர்ப்பைப் போல் 50 மடங்கு வேக இறக்கம் ஏற்படும் மோதலில் 7.5 கிலோகிராம் எடையைப் போன்ற விசையுடன் தன் பிடியை இழுக்கும். ஆகவே உறிஞ்சுக் குமிழ்களால் ஒட்டவைப்பது போதாது. பாதுகாப்புக் கூண்டின் குழாயில் உலோகப் பிடியால் இறுக்க வேண்டும். ஓட்டுநரின் தலை எட்டக்கூடிய இடத்தில் எக்கருவியும் இருத்தல் கூடாது.

விதிகள்

தரவுப் பதிவியைப் பந்தய அமைப்புகள் பொதுவாக அனுமதிக்கின்றன. ஆயினும் அது பதிவு மட்டுமே செய்ய வேண்டும், வண்டியின் எந்தச் செயலையும் இயக்கக் கூடாது என்பது அடிப்படை விதியாகும். தேசிய ஹாட் ராட் சங்கத்தின் பொது விதிகளின்படி பதிவியைத் தனி விசையால் இயக்க வேண்டும். கிறிஸ்துமஸ் மரத்தின் ஒளிக்கற்றையோ மிதியோ அதனை இயக்கக் கூடாது. பந்தயத்தின் போக்கை ஓட்டுநரின் திறனே தீர்மானிக்க வேண்டும் என்பது இவ்விதிகளின் நோக்கம். எனவே ஓட்டத்தின்போது வண்டியைத் திருத்துவதற்கன்றி, ஓட்டம் முடிந்த பின் புரிந்துகொள்வதற்கே இப்பதிவுகள் பயன்படுகின்றன.

வரம்புகள்

ஓர் ஓட்டத்தின் பதிவு அந்த ஓட்டத்தை மட்டுமே காட்டும். தடத்தின் வெப்பநிலை, காற்றின் அடர்த்தி, தடத்தில் படிந்த ரப்பர் ஆகியவை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகின்றன. இவற்றையும் குறித்து வைத்துப் பல ஓட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடும்போதே வண்டியின் இயல்பு வெளிப்படுகின்றது. நல்ல ஓட்டங்களின் பதிவுகளையும் சேமித்து வைக்க வேண்டும். வழக்கமான ஓட்டம் எவ்வாறு இருக்கும் என்று அறியாமல் கெட்ட ஓட்டத்தின் குறையைக் காண இயலாது.

அகன்ற கோண வில்லைகள் தொலைவையும் அளவையும் திரித்துக் காட்டுவதால், நிகழ்படத்திலிருந்து நேரடியாக நீளத்தை அளப்பது பிழை தரும். நிகழ்படத்தின்மேல் வேகமானியும் எண்களும் மிதக்குமாறு செய்த படங்கள் காண்பதற்கு எளியவை. ஆனால் அவற்றில் காணும் எண்கள் பெரும்பாலும் மென்மையாக்கப்பட்டவை. ஆய்வுக்கு மூலத் தரவையே நாட வேண்டும். அதற்கும் முன்னதாக, நிகழ்படமும் தரவும் எந்தப் புள்ளியில், எவ்வளவு பிழையுடன் பொருத்தப்பட்டன என்பதைக் குறித்து வைத்தல் நன்று. அக்குறிப்பு உள்ள பதிவைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் வேறொருவர் எடுத்துச் சரிபார்க்க முடியும்.